ஈரத் திருத்தம்

என் தங்கை மகள் கவிதா கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், லீவிலும் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என்னதான் பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். வெறும் கறுப்புத் திரை. படமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஒரு வரி தட்டினாள். கடகடவென்று வரிகள் ஓடி வந்து நின்றன. சில வரிகளின் தலையில் கழித்தல் குறி, சிவப்பு நிறம். சிலவற்றின் தலையில் கூட்டல் குறி, பச்சை நிறம்.

"இதென்ன கண்ணு?"

"ஒரே ஃபைலோட பழசும் புதுசும் பெரீம்மா. எடுத்துப்போட்டது சிவப்பு, புதுசா சேத்துனது பச்சை. யாரு மாத்துனாங்க, எப்ப மாத்துனாங்க, எதுக்கு மாத்துனாங்கன்னு எல்லாமே இதுல இருக்குங்க."

"எதுக்குன்னு கூடவா?"

"அத மாத்துனவிங்கதான் எழுதோணும். பாதிப் பேரு 'சின்ன மாத்தம்'னு எழுதி வெச்சுட்டுப் போயிருவாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் இதே வேலையை இதே இரண்டு நிறங்களில் பென்சிலால் செய்தவள் நான். சொன்னபோது கவிதா நம்பவில்லை. "எழுதித் தாங்க பெரீம்மா, எங்க டீமுல வாசிச்சுக் காட்டறேன்" என்றாள். எழுதுகிறேன். என் பெருமை கொஞ்சம்தான் இருக்கும் இதில், மீதி இன்னொருவருடையது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். தோட்டமும் மாடும் உள்ள குடும்பம். பத்தாவது முடித்தேன், பாலக்காட்டில் ஒரு வருடம் டிரேசர் படிப்பு படித்தேன், கால்வாய் வேலைக்காகக் கொழிஞ்சாம்பாறையிலேயே திறந்த ஒரு வரைபட அலுவலகத்தில் சேர்ந்தேன். அது எந்தக் கால்வாய், எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு அரிசி மில்லுக்கு மேல்மாடி, ஆறு மேசைகள், ஒரு கூரைவிசிறி. அது சுற்றினால் தாள் பறக்கும் என்பதால் பெரும்பாலும் சுற்றாது.

டிரேசர் என்றால் என்ன வேலை என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்ஜினியர் பென்சிலில் வரைந்து கொடுப்பார். அதன்மேல் மெழுகு போட்டதுபோல் வழவழப்பான டிரேசிங் துணியை விரித்து, கோட்டையும் எழுத்தையும் மையால் நகல் எடுப்போம். அந்தத் துணிதான் மூலம். அதை மருந்து பூசிய தாளோடு சேர்த்துக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து வெயிலில் காட்டி, தாளை அமோனியா பெட்டியில் போட்டால் பிரிண்ட் கிடைக்கும். பிரிண்ட் வேலை நடக்கும் இடத்துக்குப் போகும், துணி எங்களிடம் இருக்கும். துணிக்கு ஒரு சொட்டு வியர்வை ஆகாது, பட்ட இடம் வெளுத்துவிடும். கொழிஞ்சாம்பாறை வெயிலில் முழங்கைக்கு அடியில் துண்டு மடித்து வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு போடுவோம்.

வரைபடம் மாறினால் அதன் மூலையில் இருக்கும் கட்டத்தில் ஓர் எழுத்து ஏறும். முதலில் ஏ, அடுத்த திருத்தத்துக்கு பி, அதற்கடுத்து சி. எழுத்து ஏறினால் மறுபடி சரிபார்க்க வேண்டும், இன்ஜினியர் கையெழுத்து வேண்டும், பழைய பிரிண்ட்டைத் திருப்பி வாங்க வேண்டும். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிரிண்ட் போவதற்குள் கண்ட பிழைக்கு எழுத்து கிடையாது. பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே எழுதிவிடுவோம். அதற்கு ஈரத் திருத்தம் என்று பெயர். மை காய்வதற்குள் செய்தது திருத்தமே இல்லை என்பது எங்கள் நியாயம். அந்த நியாயத்தைச் சட்டம்போல் பேசியவர்களில் நானும் ஒருத்தி.

அப்படி ஐந்து வருடம் கழிந்தபோது தலைமை வரைவாளராக வந்தார் சுடலைமுத்து. ஏலப்பாறைக்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவர்கள். டிப்ளமோ படித்திருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நேற்று வந்த பையன் எனக்கு மேல் உட்காருவதா என்று வீட்டில் அம்மாவிடம் முணுமுணுத்தேன். அவரோ முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். பதிலுக்கு வேண்டுமென்றே அழுத்தமாக "சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு தாளைக் கையில் எடுக்குமுன் வேட்டியில் இரண்டு கையையும் துடைத்துக்கொள்வார். பிழையைக் கண்டால் "இது யாரு?" என்று கேட்கமாட்டார், "இது எப்பம்?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு நாம் பதில் சொல்லும்வரை பேசாமல் இருப்பார். திட்டு வாங்கிப் பழகிய எங்களுக்கு அந்த மௌனம்தான் பெரிய தண்டனை.

வந்த இரண்டாம் மாதம் ஒப்புநோக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒரு மரப்பெட்டி செய்யச் சொல்லி, மேலே கண்ணாடி போட்டு, உள்ளே இரண்டு பல்பு வைத்தார். கரண்ட் போனால் ஜன்னல் கண்ணாடி. பழைய பிரிண்ட்டைக் கீழே போட்டு, புதிய துணியை மேலே விரித்து, நான்கு மூலையும் பொருந்தும்படி நகர்த்துவோம். பொருந்திய கோடுகள் ஒன்றாகத் தெரியும். மாறிய கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். இது முதல் பாதி. இரண்டாவது பாதிக்கு இரண்டு ஆள். ஒருவர் பழையதிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் சொல்லையும் வாசிப்பார். இன்னொருவர் புதியதில் அதைப் பார்த்து, அதுவே இருந்தால் அதன் பக்கத்தில் மஞ்சள் பென்சிலால் தொட வேண்டும். பழையதில் இருந்து புதியதில் இல்லாததற்குச் சிவப்பு வட்டம், புதிதாக வந்ததற்குப் பச்சை வட்டம். வரைந்தவரே வாசிக்கக் கூடாது. ஒரு வேறுபாடு கிடைத்துவிட்டது என்று நடுவில் நிறுத்தவும் கூடாது. கடைசி எண் வரை போயாக வேண்டும். முடிந்த பிறகு பதிவேட்டில் எழுத வேண்டும்: எந்தத் தாள், எந்த இடம், என்ன இருந்தது, என்ன ஆனது, யார், ஏன்.

"ஏன்" என்ற கட்டம் யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லோரும் "சிறு திருத்தம்" என்று எழுதினோம். அவர் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். "யக்கா, சிறுசா பெருசான்னு நாளைக்குத் தண்ணி சொல்லும். நீங்க காரணத்த மட்டும் எழுதுங்க."

முறை நல்ல முறை. மூன்றே மாதத்தில் வேலை நடக்கும் இடத்திலிருந்து வரும் சண்டைகள் பாதியாகிவிட்டன. உள்ளுக்குள் வியந்தேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஈரத் திருத்தம் இனிக் கூடாது, மை காய்ந்தாலும் காயாவிட்டாலும் எழுத்து ஏற வேண்டும் என்று அவர் சொன்னபோது தலையாட்டினேன். ஆட்டிவிட்டு எனக்குத் தோன்றியபடிதான் செய்தேன்.

இனிச் சொல்ல வந்த சம்பவத்துக்கு வருகிறேன். வேலந்தாவளம் போகும் வழியில் ஒரு கிளைக் கால்வாய். அதில் இரண்டு மதகுகள். முதல் மதகின் படி மட்டம், அதாவது தண்ணீர் ஏறிக் கடக்கும் வாசற்படியின் உயரம், 98.35, இரண்டாவது 98.10. எண் குறைந்தால் படி தாழ்வு என்று அர்த்தம். கால்வாயின் கடைசியில் உள்ள காடு தோட்டங்களுக்குத் தண்ணீர் போக வேண்டியது இரண்டாம் மதகு வழியாக, அதனால் அது தாழ்வாக இருக்க வேண்டும். அந்தத் தாளின் பி திருத்தத்தை ஒரு நாள் சாயங்காலம் நான் வரைந்து முடித்து வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை எங்கள் வீட்டில் பசு கன்று ஈன்றது, அரை நாள் லீவு. மத்தியானம் வந்து தாளைப் பார்த்தால், இரண்டாம் மதகுக்கும் முதல் மதகின் எண்ணையே எழுதியிருக்கிறேன். 98.35, 98.35.

சுற்றிலும் பார்த்தேன். சுடலைமுத்து சார் இன்ஜினியர் அறையில் இருந்தார். பிளேடை எடுத்தேன், சுரண்டினேன், தேய்த்தேன், 98.10 என்று எழுதினேன். ஐந்து நிமிட வேலை. பிரிண்ட் எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்தான் எடுப்போம், இன்னும் எடுத்திருக்கமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தச் சின்னப் பையனிடம் என் பிழையைச் சொன்னதாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

பிரிண்ட் காலையிலேயே போய்விட்டது. அன்று ஜீப் சீக்கிரம் கிளம்பியதால் ஒன்பது மணி வெயிலிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆக, பி என்ற ஒரே எழுத்தோடு இரண்டு வேறு தாள்கள் உலகத்தில் உலாவின. எனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது.

அடுத்த வருடம் தண்ணீர் திறந்தார்கள். முதல் மதகில் பாய்ந்தது. இரண்டாவதில் ஏறவில்லை. கடைக்கோடி விவசாயிகள் வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். அளந்து பார்த்தால் இரண்டாம் மதகின் படி கால் மீட்டர் உயரம். துணியை விரித்துப் பார்த்தார் இன்ஜினியர், 98.10 என்று இருந்தது. கட்டியவன் தப்பு என்று முடிவாயிற்று.

கட்டியவர் ஆறுச்சாமி. ஓவர்சியர், ஆறு வருடமாகத் தற்காலிக வேலை, நிரந்தர உத்தரவு வரும் என்று காத்திருந்தவர். தன் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் 98.35 என்று இருந்தது. ஆனால் அந்தப் பிரிண்ட் வெயிலில் மங்கிப் போயிருந்தது. வெளியில் வேலை செய்கிறவர்கள் மங்கும் எண்களின் மேல் பேனாவை ஓட்டி வைத்துக்கொள்வார்கள். ஆறுச்சாமியும் எல்லா எண்களின் மேலும் நீலப் பேனாவை ஓட்டியிருந்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று. கட்டியது தப்பு என்று தெரிந்த பிறகு எண்ணையும் மாற்றி எழுதிவிட்டான் என்றார்கள். கவனக்குறைவு என்றால் எச்சரிக்கையோடு போயிருக்கும். இப்போது மோசடி. வேலையைவிட்டு நீக்கச் சொல்லிக் கோப்பு தயாரானது.

அவர் மாடியில் வந்து நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. "நா மேல ஓட்டுனது மெய்தானுங்க சார். அடியில இருந்ததத்தானுங்க ஓட்டுனேன். வேற நம்பரு எழுத எனக்கென்னங்க பித்தா? ஊருக்குள்ள தலைகாட்ட முடியலீங்க. பொய்க்காரன்ங்கறாங்க."

சுடலைமுத்து சார் அந்தப் பிரிண்ட்டைக் கேட்டு வாங்கினார். இன்ஜினியரிடம் போய், ஒப்பிட்டுப் பார்க்காமல் கோப்பை மேலே அனுப்ப வேண்டாம், ஒரு நாள் கொடுங்கள் என்றார். பிறகு என் மேசைக்கு வந்தார். "யக்கா, நான் வாசிக்கேன். நீங்க துணியில பாருங்க."

கண்ணாடிப் பெட்டியில் கோடுகள் எல்லாம் பொருந்தின. பிறகு வாசிக்க ஆரம்பித்தார். பேனா ஓட்டியிருந்தாலும் அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் லென்ஸை வைத்து, அடியில் இருப்பதைப் பார்த்துத்தான் வாசித்தார். நான் மஞ்சள் பென்சிலால் தொட்டுக்கொண்டே போனேன். முதல் மதகு முடிந்தது. "ரெண்டாம் மதகு. அகலம், புள்ளி ஆறு பூஜ்யம்." தொட்டேன். "படி மட்டம்." லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "அடி மை மங்கிக் கெடக்கு. மேல இருக்கத வாசிக்கேன். தொண்ணூத்தெட்டு புள்ளி மூணு அஞ்சு."

துணியில் 98.10. பென்சில் நகரவில்லை. அந்த நொடி வரை, சத்தியமாக, எனக்கு அந்த மத்தியான நேரம் ஞாபகத்திலேயே இல்லை. இப்போது பிளேடு சுரண்டும் சத்தம்கூடக் காதில் கேட்டது.

"வேற இருக்கா?" என்றார்.

"ஒண்ணு பூஜ்யமுங்க."

"செவப்பு, பச்சை போட்டுக்கிடுங்க. அடுத்தது."

நிறுத்தவில்லை அவர். இன்னும் ஐம்பது அறுபது எண்கள் இருந்தன. கம்பி தடிமன், கல் அளவு, கரைச் சரிவு, அடிக்குறிப்பு என்று ஒன்றுவிடாமல் அதே குரலில் வாசித்தார். நானும் ஒவ்வொன்றையும் தொட்டேன். அந்த அரை மணி நேரத்தில் என் மனது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அடி மை மங்கிவிட்டது, மேலே ஆறுச்சாமியின் பேனா. என் துணி சுத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு ஆள், அதுவும் தற்காலிக ஆள், போவான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இப்படியெல்லாம் நினைத்தேன். அப்புறம் ஒரு மஞ்சள் தொடுகைக்கும் அடுத்ததற்கும் நடுவில், ஆறுச்சாமி மாடியில் வந்து நின்ற கோலம் வந்து போகும்.

கடைசி எண் முடிந்தது. பதிவேட்டைத் திறந்தார். என்ன இருந்தது: 98.35. என்ன ஆனது: 98.10. தன் கையால் எழுதினார். "யார்" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "இது எப்பம்?" என்றார். ஆறுச்சாமி மாற்றியதைக் கேட்கிறாரா, துணி மாறியதைக் கேட்கிறாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

"பி வரைஞ்ச மறுநா மத்தியானமுங்க" என்றேன். "நாந்தானுங்க. ஈரத் திருத்தம். பிரிண்ட் போனது தெரியாம சொரண்டிட்டனுங்க. உங்க கிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு. சொல்லக் கூடாதுன்னும் தோணுச்சு. நீங்க வயசுல சின்னவருன்னுட்டு."

அவர் துணியைத் தூக்கி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தால் தெரியாத இடம், சாய்த்தால் மட்டும் மங்கலாக, சுண்டுவிரல் நகமளவு தெரிந்தது. நன்றாகத்தான் தேய்த்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூலையில் இருந்த சரிபார்த்தவர் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் கையெழுத்து.

"அன்னைக்குக் காலையில ஜீப்பு கீழ ஹாரன் அடிச்சுக்கிட்டே நின்னுச்சு யக்கா. நான் கண்ணாடியில கோட்ட மட்டும் பாத்தேன். எண்ண வாசிக்கல. வாசிச்சிருந்தா இந்த மூணு அஞ்சு மாடிய விட்டு எறங்கியிருக்காது."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். "யார்" கட்டத்தில் முதலில் தன் பெயரை எழுதினார். "எண்களை வாசிக்காமல் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டது." பிறகு பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். அதன் கீழே நான் எழுதினேன். "தவறாக வரைந்தது. எழுத்து ஏற்றாமல் சுரண்டித் திருத்தியது. தெரிவிக்காதது." அந்தக் கட்டத்தில் நான் "சிறு திருத்தம்" என்று எழுதாத முதல் தடவை அது.

எனக்கு மேலே உட்காரத் தகுதி உள்ளவர்தான் இவர் என்று அன்றைக்கு என் மனது தானாக ஒப்புக்கொண்டது. முறையைக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். அந்த முறையில் தானே மாட்டும்போது தன் பெயரை முதலில் எழுதுகிற ஆளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

இருவரும் இன்ஜினியரிடம் போனோம். மலையாளி அவர், நல்ல மனிதர், பொறுமையாகத் தமிழ் பேசுவார். பதிவேட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முத்து, ஒரு டெம்பரரி ஆளுக்காக நிங்கள் ரெண்டு பேரும் மெமோ வாங்கணுமா? இந்தப் பக்கம் இல்லாமலும் இத முடிக்கலாம்."

"பதிவேட்டுல ஏறியாச்சு சார்" என்றார் சுடலைமுத்து சார். "இனி இதச் சொரண்டணும்னா, எதுக்குச் சொரண்டுனோம்னு அடுத்த வரியில எழுதணும்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். கோப்பை நிறுத்தினார். எங்கள் இருவருக்கும் மெமோ வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. துணியில் சி என்ற எழுத்து ஏறியது. புதிய பிரிண்ட்டைப் பார்த்து ஆறுச்சாமியே படியை உடைத்துத் தாழ்த்திக் கட்டினார், கடைக்கோடிக்குத் தண்ணீர் போயிற்று.

அது முடிந்த வாரம் ஆறுச்சாமி அலுவலகத்துக்கு வந்தார். நேராக என்னிடம் வந்து நின்றார். என்ன சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து நின்றேன்.

"அந்தப் பதிவேடு எங்கீங்க? ஒருக்காப் பாக்கோணுங்க."

எடுத்து விரித்தேன். மலையாளமும் தமிழும் கலந்த ஆபீஸ் எழுத்து, தமிழ் மட்டும் தெரிந்த அவருக்குப் படிக்க வரவில்லை. விரலை வைத்து வரிவரியாகத் தேடினார்.

"எம்பேரு இதுல எங்கீங்க இருக்குது?"

"உங்க பேரு இதுல இல்லீங்க."

"எங்கயுமே இல்லீங்களா?"

"இல்லீங்க. தப்புப் பண்ணுனவிங்க பேரு மட்டுந்தானுங்க இருக்குது."

அந்தப் பக்கத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "ஏனுங்க, மேல வாங்க" என்று கூப்பிட்டார். அவருடைய மாமனார் வந்தார், பின்னாலேயே அவர் மனைவியும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். அதுவரை கீழே மில் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

"அம்மிணி, இவிங்களுக்குக் கேக்கறாப்ல கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். முடித்ததும் மாமனார் காதைச் சாய்த்து, "இன்னொருக்கா வாசிங்க சாமி, செரியாக் கேக்கலை" என்றார். ஆறு மேசையிலும் வேலை நின்றிருந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். என் பெயர் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தவில்லை.